மூன்று தண்டால்

2007 செப்டம்பர் 18. பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழக அரங்கு. சுமார் 400 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடைக்கு வந்த 46 வயதுப் பேராசிரியர் பாடத்தைத் தொடங்காமல் தன் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டார். கல்லீரலில் ஏறத்தாழ 10 கட்டிகள். நல்ல உடல்நிலையோடு இருக்க மூன்றிலிருந்து ஆறு மாதம் என்று டாக்டர்கள் சொல்லி ஒரு மாதம் ஆகிறது, மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அரங்கம் வாயடைத்துப் போயிருந்தது. இங்கிருக்கும் பெரும்பாலோரைவிட நான் திடமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி, அப்படியே தரையில் இறங்கித் தண்டால் எடுக்க ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்து அழவோ பரிதாபப்படவோ ஆசைப்படுகிறவர்கள் முதலில் இங்கே வந்து இதில் சிலவற்றை எடுத்துவிட்டுப் போகலாம் என்று ஒரு சவாலும் விட்டார்.

அவர் ராண்டி பாஷ். கணினித்துறைப் பேராசிரியர். கணையப் புற்றுநோய்க்காக அவர் வயிற்றில் கத்தி வைத்து மறுநாளோடு சரியாக ஒரு வருஷம் முடிய இருந்தது.

அந்த உரையைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். குழந்தைப் பருவக் கனவுகளைப் பற்றி அவர் சொன்னதைத்தான் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நோயாளியின் வீட்டில் இருந்து பார்க்கிறவருக்கு அந்தத் தண்டால்தான் உறுத்தும். இவ்வளவு தெம்பாக இருக்கிற மனிதருக்கா ஆறு மாதக் கெடு? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, காயம் ஆறிவிட்டது, எடை ஏறிவிட்டது, பின் எங்கே தப்பியது? ஆபரேஷனிலிருந்து தேறுவது ஒரு கணக்கு, நோயிலிருந்து தப்புவது இன்னொரு கணக்கு. கணையத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் தனித்தனிப் பேரேடு.

பாஷின் கதை 2006 கோடையில் மேல்வயிற்றில் ஒரு லேசான வலியோடு ஆரம்பித்தது. காரணம் பிடிபடவில்லை. பிறகு மஞ்சள் காமாலை வந்தது. டாக்டர்கள் முதலில் கல்லீரல் அழற்சி என்று சந்தேகித்தார்கள். அது வெறும் நப்பாசையாகப் போய்விட்டது என்று பின்னாளில் அவரே தன் புத்தகத்தில் எழுதினார். ஸ்கேன் எடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. எவ்வளவு மோசமான செய்தி என்பதை இணையத்தில் தேடித் தெரிந்துகொள்ள அவருக்குச் சில விநாடிகளே தேவைப்பட்டன.

கணையம் வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. ஒரு சாண் நீளம் இருக்கும். அதன் தலைப்பகுதியின் ஊடாகவே பித்தநாளம் இறங்கிச் சிறுகுடலுக்குப் போகிறது. அந்த இடத்தில் கட்டி வந்தால் பித்தநாளம் நெரிபடும். பித்தம் தேங்கிக் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். பல பேருக்கு வலியே இருக்காது. நம் ஊரில் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, பத்தியம் இருக்கச் சொல்லி, இரண்டு மூன்று வாரம் பார்ப்பது வழக்கம். ஐம்பதைத் தாண்டியவருக்கு வலியில்லாமல் காமாலை வந்தால் அந்த மூன்று வாரம் விலை உயர்ந்தது. ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு அப்புறம் எதையும் குடிக்கலாம். இன்னொரு வேடிக்கை, தலைப்பகுதியில் வருகிற கட்டி இப்படிக் காமாலையாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வால்பகுதியில் வந்தால் அந்த எச்சரிக்கையும் இல்லை.

கண்டுபிடிக்கப்படும்போதே கத்தி வைக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் 100-இல் 15, 20 பேர்தான். மற்றவர்களுக்கு நோய் அதற்குள் பரவியிருக்கும், அல்லது பக்கத்து ரத்தக்குழாய்களைச் சுற்றிக்கொண்டிருக்கும். பாஷ் அந்தச் சிறுபான்மையில் இடம் பிடித்தார். 2006 செப்டம்பர் 19-ஆம் தேதி அவருக்கு நடந்தது விப்பிள் ஆபரேஷன்.

நியூயார்க்கில் ஆலன் விப்பிள் என்ற அறுவை மருத்துவர் 1935-இல் இதை எழுதிப் பதிவு செய்தார். அவருக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஜெர்மனியில் வால்ட்டர் கவுஷ் இதே வகை ஆபரேஷனைச் செய்திருந்தாலும் பெயர் அமெரிக்கருக்கே போய்ச் சேர்ந்தது. கணையத்தின் தலை, சிறுகுடலின் தொடக்கம், பித்தப்பை, பித்தநாளத்தில் ஒரு துண்டு, சில சமயம் இரைப்பையின் கீழ்ப்பகுதி, எல்லாம் வெளியே வரும். வெட்டி எடுப்பதைவிடக் கடினம் அதற்குப் பிறகு இருக்கிறது. மிச்சக் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் குடலோடு தனித்தனியாகத் தைத்து இணைக்க வேண்டும். இதில் கணையத்தின் தையல்தான் எமன். கணையநீரின் வேலையே மாமிசத்தைக் கரைப்பது. தையல் கொஞ்சம் கசிந்தாலும் அது சொந்த உடம்பையே ஜீரணிக்க ஆரம்பித்துவிடும். வயிற்றிலிருந்து வெளியே தொங்கும் டிரெயின் குழாயில் என்ன நிறத்தில் நீர் வருகிறது என்று டாக்டர்கள் தினமும் குனிந்து பார்ப்பது அதற்காகத்தான்.

1970-களில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவில்லை. கை தேர்ந்தவர்கள் செய்யும் இடங்களில் இன்று அது 100-இல் 5-க்கும் கீழே. ‘கை தேர்ந்த’ என்ற சொல்லை லேசாகக் கடந்துவிடக் கூடாது. 2002-இல் அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை அலசி வெளியான ஓர் ஆய்வில், கணைய ஆபரேஷன் எப்போதாவது மட்டும் நடக்கும் ஆஸ்பத்திரிகளில் இறப்பு 16.3 சதவீதம். நிறைய நடக்கும் ஆஸ்பத்திரிகளில் 3.8 சதவீதம். ஒரே நோய், ஒரே ஆபரேஷன், கட்டடம் மட்டும் வேறு. ‘உங்கள் ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள்?’ என்று டாக்டரிடம் கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம். கேட்கத்தான் வேண்டும். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு வருவது சாப்பாட்டுப் போராட்டம். இரைப்பை சில நாள், சிலருக்குச் சில வாரம், வேலைநிறுத்தம் செய்யும். உள்ளே போனது கீழே இறங்காது. அது சரியான பிறகும் மூன்று வேளைச் சாப்பாடு என்ற பழக்கம் திரும்பி வரப் பல மாதம் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. கணையநீர் குறைந்துவிட்டதால் எண்ணெயும் நெய்யும் ஜீரணமாகாமல் மலத்தோடு மிதக்கும். அதற்கு என்சைம் மாத்திரை உண்டு. சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ போட்டால் பயன் குறைவு, சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். இதைச் சரியாகச் சொல்லித் தராததால் மாதக்கணக்கில் இளைத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயும் வந்து சேரும், இன்சுலின் சுரப்பதும் கணையம்தானே.

இந்த இடத்தில் ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் நினைவுக்கு வருகிறார். இளமையிலிருந்தே பட்டினி, பழரசம், காய்கறி என்று தனக்கென்று ஓர் உணவு மதம் வைத்திருந்தவர். 2004 ஜூலை 31-இல் அவருக்கு விப்பிள் வகை ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பின் இறைச்சி, மீன், பால் என்று புரதத்தை அடிக்கடி சாப்பிட வேண்டிய உடம்பு அது. அவரோ பழைய வழியை விடவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்ட்டர் ஐசக்சன் சொல்கிறார். 2008-இல் மேடைக்கு வந்தபோது அவர் மெலிவைக் கண்டு பங்குச்சந்தையே கலங்கியது.

பாஷுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. அவர் விஞ்ஞானி. எது கொஞ்சமாவது வாய்ப்பைக் கூட்டுமோ அதைத் தேடிப் போனார். ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் தங்கிக் கடுமையான கீமோவும் தினசரி ரேடியேஷனும் எடுத்துக்கொண்டார். 182 பவுண்டு இருந்தவர் 138 பவுண்டுக்கு இறங்கினார். நம் கணக்கில் 20 கிலோ. நடக்கவே முடியாத நிலை. ஜனவரியில் வீடு திரும்பியபோது எடுத்த ஸ்கேனில் புற்றுநோயின் தடயமே இல்லை. மெல்ல மெல்ல எடை ஏறியது, தெம்பு திரும்பியது. முதல் பேரேட்டில் எல்லா வரியும் வரவாகவே இருந்தது.

ஆகஸ்டில் வழக்கமான பரிசோதனைக்காக மனைவியோடு மறுபடி ஹூஸ்டன் போனார். அறையில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, செவிலியர் கணினியை மூடாமல் போய்விட்டதை அவர் கவனித்தார். கணினிப் பேராசிரியரின் கை சும்மா இருக்குமா? தன் கோப்பைத் தானே திறந்தார். ரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்தார். பிறகு கல்லீரல் படத்தைத் திறந்து ஒன்று, இரண்டு என்று மனைவி பக்கத்தில் இருக்கக் கட்டிகளை எண்ணினார். டாக்டர் உள்ளே வந்தபோது அவர்கள் இருவரும் அழுது முடித்திருந்தார்கள்.

பாஷ் எதையும் தவறாகச் செய்யவில்லை என்பதுதான் இதில் மிகக் கசப்பான உண்மை. நல்ல ஆபரேஷன், முழுச் சிகிச்சை, கட்டுப்பாடான உடம்பு எல்லாம் அவருக்கு இருந்தன. இந்தப் புற்றுநோய் பல பேரிடம், கத்தி வைக்கும் நாளுக்கு முன்பே எந்த ஸ்கேனும் காட்ட முடியாத செல்களாகக் கல்லீரலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. ஆபரேஷன் எடுத்தது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும். மன உறுதி நோயை ஓட்டிவிடும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நாக்கை அடக்கிக்கொள்ளலாம். நோய் திரும்பியவருக்கு அந்தப் பேச்சு, ‘நீ போதுமான அளவு முயலவில்லை’ என்றே காதில் விழும்.

அதே அமெரிக்காவில் இன்னொரு தண்டால்காரர் இருந்தார். ரூத் பேடர் கின்ஸ்பர்க், உச்ச நீதிமன்ற நீதிபதி. ஐந்தடி உயரம், எடை என்று சொல்லவே ஒன்றுமில்லாத உடம்பு. 1999-இல் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தன. சித்திரவதை முகாமிலிருந்து தப்பி வந்தவள் போல இருக்கிறாய், ஏதாவது செய் என்று கணவர் மார்ட்டி கடிந்துகொண்டார். அதன் பேரில் பிரையன்ட் ஜான்சன் என்ற பயிற்சியாளரைப் பிடித்தார். ஜான்சன் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஊழியர், ராணுவ ரிசர்வ் படையிலும் இருந்தவர். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம். எண்பதைக் கடந்த பிறகும் கின்ஸ்பர்க் 20 தண்டால் எடுத்தார், அதுவும் முட்டியை ஊன்றாமல்.

பழைய நோயின் காரணமாக அவருக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பது வழக்கம். 2009 ஜனவரி ஸ்கேனில் கணையத்தின் நடுவில் 1 செ.மீ. அளவில் ஏதோ தெரிந்தது. பிப்ரவரி 5-ஆம் தேதி நியூயார்க்கில் ஆபரேஷன். கணையத்தின் வால்பகுதியும் மண்ணீரலும் எடுக்கப்பட்டன. வெட்டி எடுத்ததைச் சோதித்தபோதுதான் வேடிக்கை வெளிப்பட்டது. ஸ்கேனில் தெரிந்த கட்டி சாது. அதன் அருகில், அதைவிடச் சிறியதாக, எந்தப் படத்திலும் விழாத இன்னொன்று இருந்தது. புற்றுநோய் அதுதான். நிணநீர்க் கணுக்களில் எதுவும் இல்லை. முதல் கட்டம். அந்தச் சாதுவான கட்டி மட்டும் இல்லாமல் போயிருந்தால் கொடியவனை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு புற்றுநோய்தான் அவரை ஸ்கேன் எந்திரத்தில் படுக்க வைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த 18-ஆம் நாள், பிப்ரவரி 23, அவர் நீதிமன்ற இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னதாகத்தான் கென்டகி மாநிலத்து செனட்டர் ஜிம் பனிங், இவர் ஒன்பது மாதத்தில் இறந்துவிடுவார் என்று ஒரு விருந்துக் கூட்டத்தில் ஆரூடம் சொல்லியிருந்தார். மறுநாள் பிப்ரவரி 24, அதிபர் ஒபாமா நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது கின்ஸ்பர்க் தவறாமல் போய் உட்கார்ந்தார். நான் உயிரோடு நலமாக இருப்பதை ஜனங்கள் பார்க்கட்டும் என்று நினைத்ததாகப் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். செனட்டர் மன்னிப்புக் கேட்டார். 2017-இல் அவர் காலமானார். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து வானொலிப் பேட்டி ஒன்றில் கின்ஸ்பர்க் அந்த ஆரூடத்தை நினைவுகூர்ந்தார். அந்த செனட்டரின் பெயர் தனக்கு மறந்துவிட்டது, அவர் இப்போது இல்லை, தான் நன்றாகவே உயிரோடு இருக்கிறேன் என்றார். பெயர் உண்மையிலேயே மறந்துவிட்டதா என்பது அவருக்கே வெளிச்சம்.

பாஷ், கின்ஸ்பர்க், ஜாப்ஸ் மூவரையும் ஒரே வரியில் வைத்து ‘கணையப் புற்றுநோயை எதிர்கொண்டவர்கள்’ என்று எழுதுவது சுலபம். அப்படி எழுதுவதால்தான் வீடுகளில் குழப்பம். ஜாப்ஸுக்கு வந்தது ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் அரிய வகை. மெதுவாக வளரும். 2003 அக்டோபரில் தெரிந்ததை ஒன்பது மாதம் உணவு, மூலிகை, அக்குபஞ்சர் என்று தள்ளிப்போட்டும், கல்லீரலில் பரவியிருந்தும், 2011 அக்டோபர் 5 வரை அவர் இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். பாஷுக்கு வந்தது நாளங்களில் தோன்றும் வழக்கமான, வேகமான வகை. கின்ஸ்பர்க்குக்கு, நோய் முன்கூட்டியே தெரிந்ததால், கிடைத்தது காலம். ‘அவர் எட்டு வருஷம் இருந்தாரே’ என்றோ ‘இவர் இரண்டு வருஷத்தில் போனாரே’ என்றோ பக்கத்து வீட்டார் சொல்லும் கணக்கு உங்கள் வீட்டு நோயாளிக்குப் பொருந்தாது. என்ன வகை, எந்தக் கட்டம், வெட்டிய விளிம்பில் நோய் இருந்ததா, எத்தனை நிணநீர்க் கணுக்களில் இருந்தது என்பதெல்லாம் ஆபரேஷனுக்குப் பிந்திய பேத்தாலஜி அறிக்கையில் இருக்கும். கேட்க வேண்டியது அந்த நான்கு கேள்விகளைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாஷ் கேள்விப்பட்ட எண், ஐந்து வருஷம் இருப்பவர் 100-இல் 4 பேர் என்பது. எல்லாக் கட்ட நோயாளிகளையும் சேர்த்த அந்தக் கணக்கு அமெரிக்காவில் 2024-இல் 13 ஆகியிருந்தது. கத்தி வைக்க முடிந்தவர்களுக்கு நிலைமை இதைவிட மேல். 2018-இல் வெளியான ஒரு பிரெஞ்சு, கனடிய ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் நான்கு மருந்துக் கூட்டு தரப்பட்டவர்களில் பாதிப் பேர் 54 மாதங்களைத் தாண்டினார்கள். பழைய ஒற்றை மருந்தில் அது 35 மாதம். உடம்பு ஓரளவு திடமாக இருப்பவர்களுக்கே அந்தக் கூட்டைக் கொடுக்க முடியும். அங்கேதான் ஆறு வேளைச் சாப்பாடும் என்சைம் மாத்திரையும் நடைப்பயிற்சியும் இரண்டாவது பேரேட்டுக்குள் நுழைகின்றன. தண்டால் நோயை விரட்டாது, மருந்தை வாங்கிக்கொள்ளும் உடம்பைத் தரும். பாஷ் அந்த ஆய்வு வெளிவருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் நோயாளி ஆகிவிட்டார்.

2008 மார்ச்சில் அவர் வாஷிங்டன் போய், கணையப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்படி நாடாளுமன்றக் குழுவிடம் கேட்டார். குடும்பப் படத்தைக் காட்டி, மனைவியை ‘என் விதவை’ என்று அறிமுகப்படுத்தினார். குழுவில் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரிந்திருக்காது. அந்த வசந்தத்தில் சிகிச்சையின் விளைவாக இதயமும் சிறுநீரகமும் தடுமாறின. மே 18-இல் பட்டமளிப்பு விழாவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பேசினார், பேசி முடித்ததும் மனைவியைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். ஜூலை 25-ஆம் தேதி காலமானார். வயது 47. ஆபரேஷனிலிருந்து 22 மாதம்.

கின்ஸ்பர்க்குக்கு 2018 டிசம்பரில் நுரையீரலில் இரண்டு கட்டிகள் எடுக்கப்பட்டன. 2019-இல் கணையத்தில் மறுபடி கட்டி, மூன்று வாரம் ரேடியேஷன். 2020-இல் கல்லீரல், கீமோ. 2020 செப்டம்பர் 18 அன்று, தன் 87-ஆம் வயதில் காலமானார். கணைய ஆபரேஷனிலிருந்து 11 வருஷம் 7 மாதம். நாடாளுமன்றக் கட்டடத்தில் ‘லை இன் ஸ்டேட்’ என்ற அரசு மரியாதையோடு உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்ட முதல் பெண் அவர். செப்டம்பர் 25-ஆம் தேதி தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து தலை குனிந்து போனார்கள். முகக்கவசம் அணிந்த பிரையன்ட் ஜான்சன் முறை வந்தபோது, கொடி போர்த்திய பெட்டியின் முன்னால் நின்றார். பிறகு தரையில் இறங்கி மூன்று தண்டால் எடுத்துவிட்டு எழுந்து போனார்.